மீன் மேல் வெள்ளைப் பஞ்சு: நன்னீர் மீன்களின் பூஞ்சை நோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவன் என்பதால் அக்கம்பக்கத்தில் யாருடைய மீனுக்கு எது வந்தாலும் கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். "பங்கஸ் வந்துடுச்சு, என்ன மருந்து போடலாம்?" என்பதுதான் கேள்வி. பாதிப் படங்களில் இருப்பது பூஞ்சையே இல்லை. மீதிப் பாதியில் மருந்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது தண்ணீர். திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மீன் மேல் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. பூஞ்சைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அறை விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியின் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பூஞ்சை என்றால் இலவம் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல மெல்லிய இழைகள் நிற்கும். மீன் நகரும்போது அந்த இழைகள் தண்ணீரில் அசையும். வலையில் பிடித்து வெளியே எடுத்துப் பார்த்தால் தெரியாது. பஞ்சு நனைந்து படிந்து, வெறும் சளி ஒட்டியது போலாகிவிடும். அதனால் தண்ணீருக்குள் வைத்தே பாருங்கள்.

பெரும்பாலும் அது தொடங்கும் இடம் அடிபட்ட இடமாக இருக்கும். செதில் உதிர்ந்த இடம், கிழிந்த வால், கடிபட்ட துடுப்பு, உரசிய கண். முதலில் வெள்ளை, சில நாளில் சாம்பல். பஞ்சில் பாசி ஏறினால் பச்சையாகவும், அழுக்குப் படிந்தால் பழுப்பாகவும் தெரியும். பச்சையாக இருக்கிறதே, இது வேறு நோயோ என்று குழம்ப வேண்டாம்.

பூஞ்சை மாதிரித் தெரிந்தும் பூஞ்சை இல்லாதவை எவை?

நிறைய. உப்புக் கல்லைத் தூவியது போல உடம்பெங்கும் தனித்தனிப் புள்ளிகளாக இருந்தால் அது வெண்புள்ளி நோய். இக் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். அது ஒரு செல் ஒட்டுண்ணி, வைத்தியமே வேறு. துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் போலக் கெட்டியான கட்டி இருந்தால், அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். மருந்து கிடையாது, பெரும்பாலும் அதுவாகவே வடியும். உடம்பில் குத்தி நிற்கும் ஒரே ஒரு நூல், அதன் அடியில் சிவந்த புண் என்றால் நங்கூரப் புழு என்ற ஒட்டுண்ணி.

ஒரு முறை கீழ்வீட்டுப் பையன் தன் கோல்டு பிஷ்ஷின் செவுள் மூடியில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் என்று பதறி வந்தான். நோயும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆண் கோல்டு பிஷ் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் விளிம்பிலும் அப்படிச் சின்னச் சின்ன முனைகள் வரும். மாப்பிள்ளைக்கு மருந்து ஊற்ற இருந்தான் பாவம்.

இவற்றில் உண்மையிலேயே ஆபத்தான குழப்பம் காலம்னாரிஸ். இது பாக்டீரியா. வாயைச் சுற்றி வெள்ளைப் படலமாக வரும். முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய பட்டையாகவும் வரும். பூஞ்சை என்று நினைத்து மூன்று நாள் மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தால் அதற்குள் தொட்டியே காலியாகிவிடும். வித்தியாசம் மூன்று. பூஞ்சை இழைகள் நீளமாக நிற்கும், காலம்னாரிஸ் தோலோடு படிந்து, சற்றே மஞ்சள் கலந்த சாம்பலாக இருக்கும். பூஞ்சை நாள் கணக்கில் பரவும், காலம்னாரிஸ் கடுமையாக வந்தால் ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். பூஞ்சை அடிபட்ட ஒரு மீனில் நிற்கும், காலம்னாரிஸ் ஒரே நேரத்தில் பல மீன்களைப் பிடிக்கும். இந்த மூன்றில் இரண்டு பொருந்தினாலே பாக்டீரியா என்று எடுத்துக்கொண்டு, மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டு அதற்கான மருந்துக்குப் போங்கள்.

மனிதர்களுக்குப் போடும் படை மருந்தை மீனுக்குப் போடலாமா?

வேண்டாம். நாம் பூஞ்சை என்று பழக்கத்தில் சொல்லும் சாப்ரோலெக்னியா, உயிரியலில் அசல் பூஞ்சையே இல்லை. அது நீர்ப்பூசணம். காளானை விடப் பழுப்புக் கடற்பாசிக்குத்தான் நெருங்கிய சொந்தம். உருளைக்கிழங்கை அழுகவைக்கும் பிற்கருகல் நோய்க் கிருமியும் இதே கூட்டம். அசல் பூஞ்சையின் செல் சுவரில் கைட்டின் பிரதானம், இதற்கு செல்லுலோஸ். படைக்கும் தேமலுக்கும் தரும் அசோல் வகை மருந்துகள் எர்கோஸ்டிரால் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுத்து பூஞ்சையைக் கொல்பவை. நீர்ப்பூசணம் எர்கோஸ்டிராலை நம்பி வாழ்வதில்லை, அதனால் இந்த மருந்துகள் இதைக் கொல்லும் என்று நம்ப முடியாது.

பழக்கம் கருதி இந்தப் பக்கத்தில் பூஞ்சை என்றே எழுதுகிறேன்.

நன்றாக இருந்த மீனுக்குத் திடீரென்று ஏன் வந்தது? புது மீன் கொண்டுவந்ததா?

இதன் வித்துகள் எல்லா நன்னீரிலும் இருக்கின்றன. உங்கள் தொட்டியில் இப்போதும் நீந்திக்கொண்டுதான் இருக்கும். சாப்பிடாமல் அடியில் கிடக்கும் தீவனத்தையும் செத்த நத்தையையும் தின்று வாழும் ஜீவன் அது. ஆரோக்கியமான மீனின் மேல் உள்ள வழவழப்பு அதை ஒட்டவிடாது. அந்த வழவழப்பு எங்கே போனது என்பதுதான் நீங்கள் தேட வேண்டிய விடை.

என் கதையையே சொல்கிறேன். ஒரு மார்கழி காலையில் அவசரமாகத் தொட்டித் தண்ணீரில் பாதியை இறக்கிவிட்டு, மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாய் போட்டு நேராக நிரப்பினேன். கையை விட்டபோதே சில்லென்று இருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அன்று முழுவதும் ஏஞ்சல் மீன்கள் துடுப்பை மடக்கி மூலையில் நின்றன. நான்காம் நாள், அதற்கு முந்தைய வாரம் சண்டையில் வால் கிழிந்திருந்த ஒன்றின் மேல் சுண்டு விரல் நகம் அளவுக்குப் பஞ்சு. மற்ற நான்குக்கும் ஒன்றுமில்லை. காயம் ஏற்கெனவே இருந்தது, குளிர் அதன் எதிர்ப்புச் சக்தியை இறக்கியது, பூஞ்சை உள்ளே வந்தது. புது மீன் மேல் பழி போட எனக்கு வழியே இல்லை, ஏனென்றால் வாங்கவே இல்லை.

வழக்கமான காரணங்கள் இவைதான்: திடீர்க் குளிர், குளோரின் போகாத மெட்ரோ தண்ணீர் அல்லது லாரித் தண்ணீர், புதுத் தொட்டியில் முதல் நான்கு முதல் ஆறு வாரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறுவது, முரட்டு வலை, கூர்மையான அலங்காரக் கற்கள், இடத்துக்கு மீறிய கூட்டம். கடையிலிருந்து பாலிதீன் பையில் இரண்டு மணி நேரம் குலுங்கி வந்த மீனுக்கு மூன்றாம் நாள் பஞ்சு தெரிவதும் இதனால்தான்.

பார்த்ததும் முதலில் என்ன செய்வது?

மருந்துப் பாட்டிலைத் தேடாதீர்கள். பத்து லிட்டர் பிடிக்கும் சுத்தமான வாளியோ டப்போ எடுத்து, சோப்புப் படாததாகப் பார்த்து, தொட்டித் தண்ணீரையே ஊற்றி, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு, நோய்ப்பட்ட மீனை அதில் விடுங்கள். வலையை விட ஒரு சின்ன டப்பாவால் தண்ணீரோடு மொண்டு எடுப்பது நல்லது, இருக்கிற வழவழப்பாவது மிஞ்சும். மேலே ஒரு தட்டு போட்டு மூடுங்கள், குதித்துவிடும்.

அப்புறம் பெரிய தொட்டிக்கு வாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் சோதனைக் கிட் இருந்தால் பாருங்கள், இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் பழைய தண்ணீரின் சூட்டில் இருக்கட்டும், ஆன்டி குளோரின் விட்டிருக்கட்டும். அடியில் கிடக்கும் மிச்சத் தீவனத்தை உறிஞ்சி எடுங்கள்.

உப்பு போதுமா? எவ்வளவு போடுவது?

ஆரம்ப நிலையில் பெரும்பாலும் உப்பே போதும். ஏன் என்று தெரிந்துகொண்டால் அளவையும் நம்பிப் போடுவீர்கள். நன்னீர் மீனின் உடம்புக்குள் உப்பு அதிகம், வெளியே தண்ணீரில் குறைவு. தோல் நன்றாக இருக்கும்வரை அந்த வித்தியாசத்தை மீன் சமாளித்துவிடும். பூஞ்சை தோலைத் துளைத்துத் தசைக்குள் வேர் விட்டதும் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து, உப்பு வெளியே கசியும். மீன் சாவதற்கு முக்கியக் காரணமே இந்தக் கசிவுதான். வெளித் தண்ணீரில் கொஞ்சம் உப்பு சேர்த்தால் கசிவு குறைகிறது. பூஞ்சை வித்துக்கும் அது பிடிப்பதில்லை.

கடையில் கிடைக்கும் சாதாரணக் கல் உப்பு போதும். கரண்டிக் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம். இரண்டு அடித் தொட்டி, அதாவது நீளம் 60, அகலம் 30, உயரம் 30 சென்டிமீட்டர் என்றால், மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர். மணலும் கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 45 லிட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 3 கிராம் என்றால் 135 கிராம். ஒரே நேரத்தில் கொட்டாமல், காலை 45, மாலை 45, மறுநாள் 45 என்று ஒரு மக்கில் கரைத்து ஊற்றுங்கள்.

பலரும் தவறுவது இதற்குப் பிறகுதான். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆவியான அளவுக்கு நிரப்பும்போது உப்பு சேர்க்கக் கூடாது. 15 லிட்டர் வெளியே எடுத்துப் புதிதாக விட்டால் மட்டும் அந்த 15 லிட்டருக்கான 45 கிராம் சேர்க்க வேண்டும்.

கோல்டு பிஷ், கப்பி, மோலி இதை எளிதாகத் தாங்கும். கோரிடோரஸ், லோச் போன்ற அடியில் மேயும் மீன்களுக்கு லிட்டருக்கு 1 கிராமைத் தாண்ட வேண்டாம். செடி நிறைந்த தொட்டி என்றால் உப்பு வைத்தியத்தைத் தனி வாளியில் மட்டும் செய்யுங்கள்.

உப்புக் குளியல் என்கிறார்களே, அது வேறா?

வேறு. அது அடர்த்தி அதிகம், நேரம் குறைவு. திடமான மீனுக்கு மட்டும். ஐந்து லிட்டர் தொட்டித் தண்ணீரில் 50 கிராம் உப்பை முழுதாகக் கரைத்து, மீனை விட்டு, கடிகாரத்தோடு பக்கத்திலேயே உட்கார வேண்டும். அதிகபட்சம் பத்து நிமிடம். நடுவில் டீ போடப் போகக் கூடாது.

என் ஏஞ்சலுக்குச் செய்தபோது முதல் நிமிடம் வாளியைச் சுற்றி வெறியோடு ஓடியது. இரண்டாம் நிமிடம் நின்று, செவுள் படபடவென்று அடித்தது. ஐந்தாவது நிமிடம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான், டப்பாவால் மொண்டு வைத்திய வாளியில் விட்டுவிட்டேன். பத்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்களே என்று சாய்ந்த மீனை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. மறுநாள் காலை பஞ்சில் பாதி உதிர்ந்து வாளி அடியில் நூல் நூலாகக் கிடந்தது. வாலில் அந்த இடம் ரோஜா நிறத்தில் வெறுமையாகத் தெரிந்தது.

மெத்திலீன் புளூ எப்போது?

உப்பு போட்டு இரண்டு மூன்று நாளில் பஞ்சு குறையவில்லை என்றால், அல்லது முதல் பார்வையிலேயே பெரிதாக இருந்தால். தனி வாளியில் மட்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும், சிலிக்கான் ஒட்டு நீலமாகிவிடும், செடியும் வாடும்.

அளவு லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம். பாட்டிலில் 1 சதவீதக் கரைசல் என்று போட்டிருந்தால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. பத்து லிட்டர் வாளிக்கு 20 மில்லிகிராம் தேவை, ஆக 2 மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்ச் மருந்துக் கடையில் கிடைக்கும், அதில் அளந்து விடுங்கள். சதவீதம் போடாத பாட்டில் என்றால் லேபிளில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். லேபிளும் இல்லாத நீலத் தண்ணீரை வாங்காதீர்கள். தினமும் வாளித் தண்ணீரில் பாதியை மாற்றி, மாற்றிய பாதிக்கு உரிய மருந்தைச் சேர்த்து, ஐந்து நாள். வாளியில் கார்பன் ஃபில்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மருந்தை அதுவே குடித்துவிடும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இந்த வேலையைத் தொடாதீர்கள்.

மலாக்கைட் கிரீன்?

இது பச்சைச் சாய மருந்து. பூஞ்சையை நன்றாகவே கொல்லும். ஆனால் விஷத்தன்மை அதிகம், புற்றுநோய்ச் சந்தேகமும் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உணவு மீனுக்கு இதற்கு அனுமதி இல்லை. சாப்பிடப் போகும் மீனின் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அலங்கார மீனுக்கும் எனக்கு இது கடைசி மருந்து. கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

மஞ்சள் தூள், வேப்பிலை, பாதாம் இலை?

மஞ்சள் தூளைத் தொட்டியில் கொட்டுவது தண்ணீரைக் கலக்கி, செவுளில் துகள் அடைப்பதற்குத்தான் உதவும். வேப்பிலையைக் கசக்கிப் போட்டு மீனைக் கொன்றவர்களை எனக்குத் தெரியும். நாட்டு வாதுமை இலை பரவாயில்லை. காய்ந்து விழுந்த பழுப்பு இலையைக் கழுவிப் போட்டால் தண்ணீர் டீ நிறமாகி லேசாக அமிலத்தன்மை ஏறும், பைட்டர் மீனுக்கு அது பிடிக்கும். வராமல் தடுக்க உதவலாம். வந்த பஞ்சை அது எடுக்காது. தார் ரோட்டோரம் பொறுக்கிய இலையும் பூச்சி மருந்தடித்த மரத்து இலையும் வேண்டாம்.

இடுக்கியால் பஞ்சைப் பிடுங்கிவிடலாமா?

கூடாது. வெளியே தெரிவது மேல் மயிர்தான், வேர் தசைக்குள் இருக்கிறது. இழுத்தால் சதையோடு வரும்.

ஹீட்டர் வைத்துச் சூடு ஏற்றலாமா?

தண்ணீர் 22, 23 டிகிரிக்கு இறங்கியிருந்தால் வெப்பமண்டல மீன்களுக்கு 26, 27 டிகிரிக்கு மெதுவாகக் கொண்டுவருவது நல்லது, நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக. அதற்கு மேல் 30 வரை ஏற்றுவது வெண்புள்ளி நோய்க்கான வைத்தியம். வந்திருப்பது காலம்னாரிஸாக இருந்தால் அந்தச் சூடு அதற்குப் பாயசம். நோய் எது என்று உறுதியாகாதவரை ஏற்றாதீர்கள்.

மற்ற மீன்களுக்குத் தொற்றுமா?

வித்துகள் எங்கும் இருப்பதால், தொற்றுவது என்பதை விடக் காயமுள்ளது எதுவோ அதைப் பிடிக்கும் என்பது சரி. ஆனாலும் பஞ்சோடு திரியும் மீன் லட்சக்கணக்கில் வித்துகளை விடும், மற்றவை அதன் வாலைக் கொத்தவும் செய்யும். பிரித்து வைப்பது இரண்டுக்கும் நல்லது. செத்த மீனை ஒரு மணி நேரம்கூட உள்ளே விடாதீர்கள்.

குணமாகிறது என்று எப்படித் தெரியும்?

பஞ்சு உதிர்வதை விட நான் பார்ப்பது துடுப்பை. மடக்கி வைத்திருந்த துடுப்பை விரித்தால் நல்ல செய்தி. தீவனம் போட்டதும் மேலே வந்தால் இன்னும் நல்ல செய்தி. வெளிறிய இடத்தில் முதலில் வழவழப்பு, பிறகு கண்ணாடி போன்ற புதுத் துடுப்பு. பஞ்சு முழுதாகப் போன பிறகும் மூன்று நாள் வாளியிலேயே இருக்கட்டும். செவுளுக்குள் பஞ்சு போயிருந்தால், அல்லது உடம்பில் கால்வாசிக்கு மேல் மூடியிருந்தால், பிழைப்பது கடினம்.

முட்டைகளில் பஞ்சு பிடிக்கிறது. எல்லாம் போய்விடுமா?

கருவுறாத முட்டை ஓரிரு நாளில் பால் வெள்ளையாகும், அதில்தான் பூஞ்சை முதலில் இறங்கும். கருவுற்றது தேன் துளி போலத் தெளிவாக இருக்கும். ஆனால் வெள்ளை முட்டையிலிருந்து கிளம்பும் இழை பக்கத்து நல்ல முட்டையையும் சுற்றி மூச்சடைக்கும். வெள்ளையானவற்றைச் சொட்டுக் குழாயால் பொறுமையாக எடுத்துவிட்டு, தண்ணீர் இளநீலமாகும் அளவுக்கு மெத்திலீன் புளூ விட்டு, ஏர் ஸ்டோன் குமிழி முட்டை மேல் நேராகப் படாமல் பக்கத்தில் வையுங்கள். பொரித்ததும் தண்ணீரைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். ஏஞ்சல் தாயும் தகப்பனும் கெட்ட முட்டையை வாயாலேயே பொறுக்கி எடுத்துவிடும், நம்மை விடச் சுத்தமாக.

குளத்து விராலுக்குச் சிவப்புப் புண் வருகிறது. இதே நோயா?

சொந்தக்கார நோய், ஆனால் குணம் வேறு. அஃபனோமைசெஸ் இன்வேடன்ஸ் என்ற இன்னொரு நீர்ப்பூசணம் உண்டாக்கும் கொள்ளைப் புண் நோய் அது. வெளியே பஞ்சு அவ்வளவாகத் தெரியாது. முதலில் சிவப்புப் புள்ளி, பிறகு தசை வரை இறங்கும் குழிப்புண். 1971இல் ஜப்பானில் முதலில் பதிவாகி, 1980களின் கடைசியில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தது. விரால், குளத்துக் கெண்டை வகைகள் எளிதில் விழும். ஜிலேபிக் கெண்டையும் சாதாக் கெண்டையும் தாங்கிக்கொள்ளும். மழை கொட்டித் தண்ணீர் குளிர்ந்த பிறகு வருவது அதன் வழக்கம்.

இதற்குத் தொட்டி வைத்தியம் ஆகாது. குளத்தில் சுண்ணாம்பு இடுவதும், புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய சைஃபாக்ஸ் மருந்தும் நடைமுறையில் உள்ளவை. மருந்து ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஒரு லிட்டர். சுண்ணாம்பின் அளவு தண்ணீரின் கார அமிலத் தன்மையைப் பொறுத்தது, அதனால் மீன்வளத் துறை அலுவலகத்தில் தண்ணீரைக் காட்டி அளவு வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

நமக்குத் தொற்றுமா?

இந்தப் பஞ்சு மனிதருக்குத் தொற்றாது. ஆனால் மீன் தொட்டித் தண்ணீரில் வேறொரு பாக்டீரியா இருக்கலாம். அது கைக்காயம் வழியாகப் போனால் மாதக்கணக்கில் ஆறாத முடிச்சாக நிற்கும். விரலில் வெட்டு இருக்கும்போது கையுறை போடுங்கள். அப்படி ஒரு முடிச்சு வந்து மருத்துவரிடம் போனால், வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

புதிதாகப் போட்ட மரக்கட்டை மேல் வெள்ளையாக வழவழவென்று படிந்திருக்கிறது?

கட்டையிலிருந்து கசியும் சர்க்கரையைத் தின்ன வந்த பாக்டீரியாவும் பூசணமும். மீனை ஒன்றும் செய்யாது. சில வாரத்தில் தானே போகும். நத்தையோ இறாலோ இருந்தால் அதற்கு முன்பே தின்று தீர்த்துவிடும்.